ஆறாம் நம்பர் இடம்: கால்பந்தில் பின்னால் நின்று ஆட்டத்தை நடத்தும் மிட்ஃபீல்டருக்கு ஒரு முழு வழிகாட்டி

"நீ டிஃபென்ஸுக்கு முன்னால நில்லு, அங்கேயே இரு." எனக்கு இந்த இடம் இப்படித்தான் கிடைத்தது. வேகம் போதாது, அதனால் விங்கில், அதாவது ஓரத்தில், வைக்க முடியவில்லை. உயரம் போதாது, அதனால் சென்டர்பேக்காகவும், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவராகவும், வைக்க முடியவில்லை. மிச்சமிருந்த இடத்தில் நிறுத்தினார்கள். அங்கே நின்று என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. இந்த இடத்தில் ஆடும் பலருக்கும் கதை ஏறக்குறைய இதுதான்.

ஸ்ட்ரைக்கரின் வேலை என்ன, கோல்கீப்பரின் வேலை என்ன என்பது பார்த்தாலே புரிந்துவிடும். ஆறாம் நம்பரின் வேலை அப்படிக் கண்ணில் படாது. இல்லாதபோதுதான் தெரியும். 2024 செப்டம்பரில் ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியில் இந்த இடத்தில் ஆடிய ரோட்ரிக்கு முழங்கால் லிகமென்ட் கிழிந்தது. அதற்கு முன் தொடர்ந்து நான்கு முறை இங்கிலாந்து லீக்கை வென்றிருந்த அணி, அந்த சீசனை மூன்றாம் இடத்தில் முடித்தது. அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் சிட்டியின் நடுக்களத்தை எதிரணிகள் திறந்த வாசல் மாதிரிக் கடந்து போனதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. காயம்பட்ட அடுத்த மாதமே ரோட்ரிக்கு, உலகின் சிறந்த வீரருக்கான பாலோன் டி'ஓர் விருது கிடைத்தது. ஊன்றுகோலோடு மேடையேறி வாங்கிக்கொண்டார்.

இந்த வழிகாட்டி முழுக்க நான் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச்சுற்றி வரப்போகிறேன். இந்த இடத்தில் ஆடுபவரின் வேலையில் பெரும்பகுதி பந்து அவர் காலுக்கு வரும் முன்பே முடிந்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

முதலில், நீங்கள் எந்த வகை?

இத்தாலிக்காரர்கள் இவரை ரெஜிஸ்டா என்பார்கள், அதாவது இயக்குநர். ஸ்பெயினில் பிவோட்டே, பிரேசிலில் வோலான்டே, அர்ஜென்டினாவில் ஐந்தாம் நம்பர், ஜெர்மனியில் ஆறாம் நம்பர். பெயர் மாறும்போது எதிர்பார்ப்பும் கொஞ்சம் மாறுகிறது.

ஒரு பக்கம் பந்தைப் பறிப்பவர்கள். குளோட் மகேலேலே இதற்கு உதாரணம். பறித்த பந்தை அருகில் இருப்பவருக்கு எளிமையாகக் கொடுத்துவிட்டு மறுபடி தன் இடத்துக்கு வந்துவிடுவார். இன்னொரு பக்கம் பந்தை வைத்து ஆட்டத்தை நடத்துபவர்கள். ஆந்த்ரேயா பிர்லோ, ஷாபி அலோன்சோ, மைக்கேல் கேரிக் எல்லாம் இந்தப் பக்கம். நடுவில் இரண்டையும் செய்யும் அபூர்வப் பிறவிகள் சிலர் உண்டு: பெர்னாண்டோ ரெடோண்டோ, செர்ஜியோ புஸ்கெட்ஸ், ரோட்ரி.

நீங்கள் எந்த வகை என்பது உங்கள் உடம்பையும் குணத்தையும் மட்டும் பொறுத்ததல்ல, பக்கத்தில் யார் ஆடுகிறார் என்பதையும் பொறுத்தது. ரியால் மாட்ரிட் 2016 முதல் 2018 வரை தொடர்ந்து மூன்று சாம்பியன்ஸ் லீக் வென்றபோது பின்னால் நின்றவர் கஸேமிரோ. ஆட்டத்தை நடத்தும் வேலையை டோனி குரூஸும் லூகா மோட்ரிச்சும் பார்த்துக்கொண்டார்கள். அவர் பிர்லோவாக ஆட முயன்றிருந்தால் மூன்று பேரும் ஒருவர் காலை ஒருவர் மிதித்திருப்பார்கள். எனவே முதல் வேலை, உங்களுக்கு இருபுறமும் நிற்கும் இருவருக்கும் என்ன பிடிக்கும், எது வராது என்று தெரிந்துகொள்வது. ஆட்டத்துக்கு முன் இரண்டு நிமிடம் பேசினாலே போதும்.

இடம் பிடிப்பது

புதிதாக இந்த இடத்துக்கு வருபவர் செய்யும் முதல் தவறு, பந்தை நோக்கி ஓடுவது. சென்டர்பேக்கிடம் பந்து இருக்கும், இவர் அவரிடமே போய்க் கையை நீட்டிக் கேட்பார். பந்து கிடைக்கும், உண்மைதான். ஆனால் கூடவே எதிரணி ஸ்ட்ரைக்கரும் வந்துவிடுவார். சென்டர்பேக்குக்கு எதிரே இருந்த வெற்றிடத்தை இவரே அடைத்தும்விட்டார்.

எதிரணியின் முதல் வரிசைக்குப் பின்னால் நில்லுங்கள். அவர்கள் இரண்டு ஸ்ட்ரைக்கர்களோடு ஆடினால், அந்த இருவருக்கும் இடையிலான சந்தில், அவர்கள் முதுகுக்குப் பின்னால். பந்து வராவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் அங்கே நிற்பதாலேயே அந்த இருவரும் உள்பக்கம் நெருங்கி வருவார்கள், உங்கள் சென்டர்பேக்குகளுக்கு வெளிப்பக்கம் மூச்சுவிட இடம் கிடைக்கும். பந்தைத் தொடாமலேயே ஒரு வேலை முடிந்தது.

பந்து வைத்திருப்பவருக்கும் உங்களுக்கும் நடுவில் எதிராளி நின்றால், நீங்கள் அவருடைய நிழலில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். நிழலிலிருந்து வெளியே வரப் பத்து மீட்டர் ஓட வேண்டியதில்லை. பெரும்பாலும் இரண்டு எட்டு போதும். புஸ்கெட்ஸின் ஆட்டத்தைக் கவனித்தால், அவர் ஓடுவதைவிட இப்படி இரண்டு எட்டு நகர்வதுதான் அதிகம் என்பது தெரியும். வேகமே இல்லாத மனிதர் ஒருவர் பதினைந்து வருடம் பார்சிலோனாவின் நடுக்களத்தை ஆண்டது இந்த இரண்டு எட்டுகளால்தான்.

எதிரணி இரண்டு பேரை முன்னால் வைத்து நெருக்கினால், இரண்டு சென்டர்பேக்குகளுக்கும் நடுவில் இறங்கி மூன்றாவது ஆளாக நிற்கலாம். 2006 உலகக்கோப்பையில் மெக்சிகோவின் பயிற்சியாளராக இருந்த ரிக்கார்டோ லா வோல்பே பிரபலப்படுத்திய முறை இது, பின்னாளில் உலகம் முழுக்கப் பரவியது. ஒரு எச்சரிக்கை: எதிரணியில் ஒரே ஒரு ஸ்ட்ரைக்கர்தான் நெருக்குகிறார் என்றால் இறங்காதீர்கள். ஒருவரைச் சமாளிக்க இரண்டு சென்டர்பேக்குகள் போதும். நீங்களும் போனால் நடுக்களம் காலியாகும், அவ்வளவுதான்.

தோளுக்குப் பின்னால் பார்ப்பது

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம்.

ஒருமுறை முக்கியமான ஆட்டம் ஒன்றில் எங்கள் சென்டர்பேக் எனக்குப் பந்தைத் தள்ளினார். சுலபமான பாஸ். எனக்கு அது வரும் பாதை மட்டும்தான் தெரிந்தது. பந்தை நிறுத்தி, நிமிர்ந்து, இடதுபக்கம் திரும்பினேன். திரும்பிய பக்கத்தில்தான் எதிரணி ஆள் நின்றிருந்தார். அடுத்த நான்கு விநாடியில் பந்து எங்கள் வலையில். டச்சில் குறை இல்லை, பாஸிலும் குறை இல்லை. பந்து புல்லில் உருண்டு வந்த அந்த ஒன்றரை விநாடி நான் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், தவறு அங்கேதான்.

பந்து உங்களை நோக்கி வரும்போது அது எங்கே வரும் என்று உங்களுக்குத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பதில் புதிய தகவல் எதுவும் இல்லை. தகவல் எல்லாம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நார்வேயைச் சேர்ந்த ஆய்வாளர் கெயிர் யோர்டெட், பந்து வரும் முன் வீரர்கள் எத்தனை முறை தலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள் என்று பல வருடங்களாக வீடியோவில் எண்ணி வருபவர். அதிகம் பார்ப்பவர்களின் பாஸ் அதிகம் சரியாகப் போய்ச் சேர்கிறது என்பதுதான் அவருடைய வேலையிலிருந்து வெளிவந்த முக்கியச் செய்தி.

எப்போது பார்ப்பது என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. பந்து ஒருவர் காலிலிருந்து கிளம்பி இன்னொருவர் காலுக்குப் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் எதுவும் மாறாது. அந்த இடைவெளியில் பாருங்கள். பந்து யாராவது ஒருவர் காலில் இருக்கும்போது அவரைப் பாருங்கள், ஏனென்றால் அவர் எந்த நொடியும் உங்களுக்கு அடிக்கலாம். பந்து கிளம்பியதும் தலையைத் திருப்புங்கள், போய்ச் சேர்ந்ததும் மறுபடி முன்னால். இந்தத் தாளம் பழகிவிட்டால் கழுத்து தானாகத் திரும்ப ஆரம்பிக்கும்.

பார்ப்பது என்றால் சும்மா தலையை ஆட்டுவதும் அல்ல. பயிற்சியாளர் சொன்னார் என்பதற்காகக் கோழி மாதிரி கழுத்தை வெட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். மூன்று கேள்விக்கு விடை தேடுங்கள்: எனக்கு மிக அருகில் இருக்கும் எதிராளி எந்தப் பக்கம், எவ்வளவு தூரம்? என் ஆட்களில் முன்னால் தனியாக நிற்பவர் யார்? எந்தப் பக்கம் ஆள் குறைவு?

இதற்கு ஒரு சின்னப் பயிற்சி. மூன்று பேர் ஒரே வரிசையில், பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில். நீங்கள் நடுவில். முன்னால் இருப்பவர் பந்தைத் தட்டுகிறார். அந்த நொடியில் பின்னால் இருப்பவர் விரல்களைத் தூக்கிக் காட்டுகிறார். பந்து உங்கள் காலைத் தொடும் முன் எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். இரண்டு வாரத்தில் எளிதாகிவிடும். அப்புறம் விரலுக்குப் பதிலாக ஓர் ஆள் உங்களை நோக்கி வரட்டும், அல்லது வராமல் இருக்கட்டும். வந்தால் ஒரே டச்சில் திருப்பிக் கொடுக்க வேண்டும், வராவிட்டால் திரும்பி முன்னால் போக வேண்டும். ஆட்டத்தில் உங்களிடம் எதிர்பார்ப்பதும் இந்த ஒரு முடிவைத்தான்.

உடம்பும் முதல் டச்சும்

பந்து வரும்போது அதற்கு நேராக முகம் காட்டி நிற்காதீர்கள். ஒரு தோள் பந்தைப் பார்க்கட்டும், இன்னொரு தோள் எதிரணி கோலைப் பார்க்கட்டும். பாதி திரும்பிய நிலை. அருகில் இருக்கும் காலால் வாங்காமல் தூரத்துக் காலால் வாங்கினால் பந்து தானாகவே முன்பக்கம் உருண்டு வரும். இதைச் செய்பவருக்கும் செய்யாதவருக்கும் ஒரு டச் வித்தியாசம். இந்த இடத்தில் ஒரு டச் என்பது பெரிய சொத்து.

பந்து காலிலேயே ஒட்டி நிற்க வேண்டும் என்பதும் இல்லை. எதிராளி வரும் திசைக்கு எதிர்த்திசையில் அரை மீட்டர் தள்ளி விழ வேண்டும், அடுத்த பாஸ் அடிக்க வாகான இடத்தில். இரண்டு காலும் வேண்டுமா என்று கேட்டால், நீளமான பாஸுக்கு ஒரு கால் போதும். ஆனால் பத்து மீட்டர் பாஸ் இரண்டு காலிலும் வர வேண்டும். வராவிட்டால் எதிரணி இருபது நிமிடத்தில் கண்டுபிடித்து, உங்களை அந்தப் பக்கமே தள்ளிக்கொண்டு போகும்.

பாஸ்: யாருக்கு என்பதைவிட எந்தக் காலுக்கு

பாஸ் சதவீதத்தைப் பார்த்து ஆறாம் நம்பரை எடை போடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். பக்கத்தில் இருக்கும் சென்டர்பேக்குக்கே தட்டிக்கொண்டிருந்தால் யாருக்கும் தொண்ணூறைத் தாண்டும். பாஸ் போய்ச் சேர்ந்ததா என்பது பாதிக் கேள்வி. எந்த நிலையில் போய்ச் சேர்ந்தது என்பதுதான் மீதி.

பத்து மீட்டர் தள்ளி உங்கள் ஆள் நிற்கிறார், அவருடைய வலது தோளை ஒட்டி ஓர் எதிராளி. பந்தை அவருடைய வலது காலுக்கு அடித்தால் அவர் அதைக் காப்பாற்றத்தான் முடியும். இடது காலுக்கு, கொஞ்சம் முன்னால் அடித்தால் அவர் திரும்பி ஓடலாம். தூரம் அதேதான், ஆளும் அதே ஆள்தான். முதல் பாஸில் பந்து மட்டும் போனது. இரண்டாவது பாஸில் "பின்னால் ஆள் இல்லை, திரும்பு" என்ற செய்தியும் சேர்ந்து போனது. வேகத்திலும் செய்தி உண்டு. அழுத்தி அடித்த பந்து, திரும்பு என்கிறது. மெதுவாக, அவர் காலடிக்கே வரும் பந்து, எனக்கே திருப்பிக் கொடு என்கிறது. நல்ல ஆறாம் நம்பரோடு ஆடியவர்கள் "அவர் பந்து கொடுத்தால் யோசிக்கவே வேண்டாம்" என்று சொல்வது இதனால்தான்.

வரிசையை உடைக்கும் பாஸ் அடுத்தது. எதிரணியின் இரண்டு மிட்ஃபீல்டர்களுக்கு நடுவில், தரையோடு, வேகமாக. இதற்குக் கண்ணால் ஒரு பொய் சொல்ல வேண்டும். உடம்பை விங்கர் பக்கம் திருப்புங்கள், அவர்களும் அந்தப் பக்கம் அரை எட்டு நகர்வார்கள், சந்து திறக்கும், உள்ளே அடியுங்கள். சந்து திறக்கவில்லையா? பின்னால் கொடுத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். பின்னால் போகும் பாஸைக் கேலி செய்யும் ரசிகர்களுக்காக ஆட வேண்டியதில்லை.

நாற்பது மீட்டர் பாஸ் பார்க்க அழகானது, அதனாலேயே ஆபத்தானது. பிர்லோவின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். அவர் முதலில் பத்தாம் நம்பர் ஆட்டக்காரர், அதாவது ஸ்ட்ரைக்கர்களுக்குப் பின்னால் நின்று தாக்குதலை நடத்துபவர். 2001-ல் பிரேஷா அணிக்குக் கடனாகப் போனபோது அங்கே அந்த இடத்தில் ரோபர்த்தோ பாஜியோ இருந்தார். பயிற்சியாளர் கார்லோ மத்சோனே பிர்லோவைப் பின்னால் இறக்கினார். அந்த ஏப்ரல் 1-ஆம் தேதி யுவென்டஸுக்கு எதிராக, பின்னாலிருந்து பிர்லோ தூக்கி அடித்த பந்தைப் பாஜியோ ஓடிக்கொண்டே ஒரே டச்சில் இறக்கி, கோல்கீப்பர் வான் டெர் சாரைத் தாண்டி உள்ளே போட்டார். அந்த கோலைப் பார்ப்பவர்கள் பாஜியோவின் டச்சைத்தான் பேசுவார்கள், நியாயம்தான். நான் பார்ப்பது அந்தப் பந்து விழுந்த இடத்தை. பாஜியோ தன் ஓட்டத்தைக் குறைக்கவே வேண்டியிருக்கவில்லை.

நீளப் பாஸ் அடிக்க மூன்று நிபந்தனைகள் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேல் நெருக்கடி இல்லை, ஓடுபவர் ஏற்கெனவே ஓட ஆரம்பித்துவிட்டார், பந்து பறிபோனாலும் உங்கள் அணி ஒழுங்கான வடிவத்தில் இருக்கிறது. ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

கடைசியாக, பந்தை வைத்துக்கொண்டு சும்மா நிற்பதும் ஒரு கலை. 2006 உலகக்கோப்பை அரையிறுதி, டார்ட்மண்டில், ஜெர்மனிக்கு எதிராக, 119-வது நிமிடம். கார்னரில் வந்த பந்தை ஜெர்மனி அரைகுறையாக வெளியே தள்ள, பெனால்டி பகுதிக்கு வெளியே பிர்லோவிடம் வந்தது. எல்லோரும் ஷாட் அடிப்பார் என்று நினைக்கும் இடம். அவர் அடிக்கவில்லை. பெனால்டி பகுதியின் விளிம்பை ஒட்டியே பந்தைத் தட்டிக்கொண்டு வலதுபக்கம் நகர்ந்தார், ஜெர்மன்காரர்கள் அவர் பக்கம் இழுபட்டார்கள். திரும்பிக்கூடப் பார்க்காமல் ஃபாபியோ கிரோசோவுக்குத் தள்ளினார். கிரோசோ அதை முதல் டச்சிலேயே இடது காலால் வளைத்து உள்ளே அனுப்பினார். மற்றவர்கள் பதறும் நேரத்தில் இப்படி இரண்டு விநாடி காத்திருக்க ஒரு நெஞ்சுரம் வேண்டும். பயிற்சியில் நெருக்கடிக்கு நடுவே பந்தை வைத்திருக்கப் பழகினால் அது கொஞ்சம் கொஞ்சமாக வரும். ஐந்து பேர் வட்டமாக நின்று நடுவில் இருவரை அலைய விடும் ஆட்டம் இதற்கு நல்ல மருந்து.

பந்து இல்லாத நேரம்

டேக்கிள், அதாவது எதிராளி காலில் இருக்கும் பந்தைப் பாய்ந்து பறிப்பது, கடைசிக் கையிருப்பு என்பது ஷாபி அலோன்சோவின் கருத்து. அதை ஒரு திறமையாக வைத்துப் பெருமைப்படுவது அவருக்கு விளங்காத விஷயமாகவே இருந்தது. சறுக்கி விழுந்து பந்தைத் தட்டிவிடும்போது கைதட்டல் கிடைக்கும். ஆனால் நீங்கள் தரையில் கிடக்கிறீர்கள், எழுந்திருக்க இரண்டு விநாடி, உங்களுக்குப் பின்னால் சென்டர்பேக் மட்டும்தான். பெரும்பாலான சறுக்கல்கள் முன்பே தவறான இடத்தில் நின்றதற்கான அபராதம்.

எதிரணியிடம் பந்து இருக்கும்போது, பந்துக்கும் உங்கள் டிஃபென்ஸுக்கு முன்னால் சுற்றும் ஆபத்தான ஆளுக்கும் நடுவிலான கோட்டில் நில்லுங்கள். பந்து நகர நகர அந்தக் கோடும் நகரும், கூடவே நீங்களும். இங்கேயும் தோளுக்குப் பின்னால் பார்க்கும் பழக்கம்தான் காப்பாற்றும், ஏனென்றால் அந்த ஆள் உங்கள் முதுகுக்குப் பின்னால் இடம் மாறிக்கொண்டே இருப்பார். மகேலேலே இதில் மன்னர். 2004-05 சீசனில் செல்சி 38 லீக் ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் வெறும் 15. ஃபிராங்க் லாம்பார்ட் எதிரணி பெனால்டி பகுதிக்குள் தைரியமாக ஓடியதற்கும் பின்னால் நின்ற அந்த மனிதர்தான் காரணம்.

அதைவிட முக்கியமானது, உங்கள் அணி தாக்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது. எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள், பந்து எதிரணி பெனால்டி பகுதிக்கு அருகே. இப்போது பந்து பறிபோனால் எதிரணி முதல் பாஸை யாருக்குக் கொடுக்கும்? அந்த ஆளைக் கண்டுபிடித்து, அவரிடம் பந்து வந்தவுடன் மேலே விழும் தூரத்தில் நில்லுங்கள். கோலைப் பார்க்கும் ஆசையில் பெனால்டி பகுதியை எட்டிப்பார்க்கும் ஆறாம் நம்பர்கள்தான் கவுண்டர் கோல்களுக்கு, அதாவது பந்தைப் பறித்தவுடன் எதிரணி பாய்ந்து வந்து அடிக்கும் கோல்களுக்கு, வழிவிடுகிறார்கள்.

அப்படியும் ஒருவர் தப்பி ஓடிவந்தால், பாயாதீர்கள். பின்வாங்கிக்கொண்டே அவரை ஓரத்துக்குத் தள்ளுங்கள். நீங்கள் வாங்கித்தரும் ஒவ்வொரு விநாடிக்கும் உங்கள் ஆட்கள் ஆறேழு மீட்டர் திரும்பி ஓடி வருவார்கள். வேறு வழியில்லாதபோது சட்டையைப் பிடித்து இழுப்பதும் நடக்கிறது, ஒளிப்பானேன். ஆனால் முதல் அரைமணியில் மஞ்சள் அட்டை வாங்கிவிட்டால் மீதி ஒரு மணிநேரம் பாதி ஆளாகத்தான் ஆட முடியும்.

முன்னால் போகவே கூடாதா? போகலாம், எப்போதாவது, உங்கள் இடத்தில் வேறொருவர் நிற்பது உறுதியானால். 2023 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் இன்டர் மிலனுக்கு எதிராக 68-வது நிமிடம் ரோட்ரி அடித்ததுதான் அந்த ஆட்டத்தின் ஒரே கோல். பெர்னார்டோ சில்வாவின் பந்து திரும்பி வந்த இடத்துக்கு நிதானமாக வந்து சேர்ந்து அடித்தார்.

உங்கள் மேலேயே ஓர் ஆளை விட்டால்

நீங்கள் நன்றாக ஆடினால் இது நடக்கும். 2010 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஏசி மிலனுக்கு எதிராக நடந்த இரண்டு ஆட்டங்களில் மான்செஸ்டர் யுனைடெட் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன், பார்க் ஜி-சுங்கைப் பிர்லோவின் நிழலாக விட்டார். இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து யுனைடெட் 7-2 என்று வென்றது. பிர்லோவுக்கே இந்த நிலைமை என்றால் நமக்கு என்ன என்று சோர்ந்துவிட வேண்டாம், செய்வதற்கு வழிகள் உண்டு.

உங்களோடு ஒட்டி வருபவரைக் கூட்டிக்கொண்டு நடுவிலிருந்து விலகிப் போங்கள். நீங்கள் ஓரமாகப் போனால் அவரும் வருவார், நடுவில் வழி திறக்கும், சென்டர்பேக்கே பந்தோடு முன்னால் போகலாம். அல்லது பக்கத்து மிட்ஃபீல்டரோடு இடம் மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று, பந்தை நேராக எதிர்பார்க்காமல் மூன்றாவது ஆளாக வாங்குவது: சென்டர்பேக் முன்னால் இருப்பவருக்கு அடிப்பார், அவர் ஒரே டச்சில் உங்களுக்குத் தட்டிவிடுவார், அதற்குள் உங்கள் நிழல் பந்தைப் பார்த்துத் திரும்பியிருப்பார். மிக மோசமான யோசனை எதுவென்றால், கோபப்பட்டு அவரைத் தாண்டிக் காட்ட முயல்வது.

ஆட்டம் பார்த்துக் கற்பது

டிவியில் ஆறாம் நம்பரைப் பார்ப்பது கஷ்டம், கேமரா பந்தோடு போகும். முடிந்தால் மைதானத்தில் உயரமான வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். பத்து நிமிடம் பந்தை மறந்துவிட்டு அவரை மட்டும். ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள். பந்து வரும் முன் எத்தனை முறை திரும்பிப் பார்த்தார், பந்து வாங்கியபோது உடம்பு எந்தப் பக்கம் திறந்திருந்தது, அவரிடமிருந்து வாங்கியவர் அடுத்த டச்சில் முன்னால் போனாரா அல்லது பின்னால் திருப்பினாரா. நான் இப்படி எழுதிய முதல் தாளில் மூன்றாவது பத்திதான் சீக்கிரம் நிரம்பியது. அடுத்த வாரம் நண்பர் ஒருவரைக் கரையில் உட்கார வைத்து என் ஆட்டத்துக்கும் அதே தாளை நிரப்பச் சொன்னேன். முதல் பத்தியில் நாலே நாலு கோடு போட்டிருந்தார்.